பழைய மாதிரி ரயில் பெட்டிகள்: வாங்குவதற்கு முன் அடிப்பக்கத்தைப் பார்த்தல்

பயன்படுத்திய மாதிரி ரயில் பெட்டிகளை விற்பவர்கள் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் ஒரே விதமாக இருக்கும். பக்கவாட்டுத் தோற்றம், வண்ணப் பட்டைகள், நுண்ணிய எழுத்துகள், ஜன்னல் வரிசை, கிழியாத அட்டைப்பெட்டி ஆகியவற்றை அழகாகக் காட்டுவார்கள். அடிப்பக்கத்தைக் காட்டும் படம் அரிது. நான் இப்போதெல்லாம் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் விலை பேசத் தொடங்குவதில்லை. பிளாஸ்டிக் உடலும் அதன் மேல் அச்சிட்ட வண்ணமும் சாதாரணக் கவனிப்பிலேயே பல பத்தாண்டுகள் தாங்கிவிடுகின்றன. ஒரு பெட்டி தொடர்ந்து ஓடுமா, அலமாரியிலேயே உருக்குலைந்து போகுமா என்பதைத் தீர்மானிப்பது அதன் வயிற்றுக்குள்ளும் சக்கரங்களுக்கு மேலும் மறைந்திருக்கும் துத்தநாக வார்ப்புகள்தான்.

என்னிடம் இருப்பவற்றில் பெரும்பகுதி எச்.ஓ. அளவு, அதாவது 1:87 விகிதத்தில் செய்யப்பட்ட பயணிகள் பெட்டிகள். அவற்றோடு இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய தகரப் பெட்டிகள் சிலவும் சேர்ந்திருக்கின்றன. புதிய பெட்டிகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதாலும், எனக்குப் பிடித்த பழைய தொடர்கள் இப்போது தயாரிக்கப்படாததாலும், வாங்குவதெல்லாம் பிறர் வைத்திருந்து விற்பவையே. இப்படி வாங்கி, திறந்து, பழுது பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த வார்ப்புகளை உள்ளிருந்தே அரிக்கும் துத்தநாக நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது எப்படி வருகிறது என்று புரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் புரியும். மாதிரி ரயில்களில் பயன்படும் வார்ப்பு உலோகம் பெரும்பாலும் துத்தநாகத்தோடு ஏறக்குறைய 4 சதவீதம் அலுமினியமும் மிகச் சிறிதளவு மக்னீசியமும், சில வகைகளில் தாமிரமும் சேர்ந்த கலவை. தூய துத்தநாகத்தைக் கொண்டு முறையாக வார்த்தால் இது நீடித்து உழைக்கும். ஆனால் அதில் ஈயமோ, வெள்ளீயமோ, காட்மியமோ சற்றுக் கலந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. நான் சொல்லும் 'சற்று' என்பது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவான அளவு. திண்மத் துத்தநாகத்தில் கரையாத ஈயம், உலோகம் குளிர்ந்து உறையும்போது அதன் படிக மணிகளுக்கு இடைப்பட்ட எல்லைகளில் போய் ஒதுங்குகிறது. காற்றிலுள்ள ஈரம் அந்த எல்லைகளின் வழியே உள்ளே இறங்கி அரிக்கத் தொடங்குகிறது. அரிப்பினால் உண்டாகும் பொருள் மூல உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், வார்ப்பு உள்ளிருந்தே பருக்கிறது, வளைகிறது, வெடிக்கிறது, கடைசியில் உதிர்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் கூடக் கூட இது விரைவாக நடக்கும்.

இந்தக் குறை 1923 அளவிலேயே தெரியவந்துவிட்டது. 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் 99.99 சதவீதத் தூய்மையுள்ள துத்தநாகத்தை அடிப்படையாகக் கொண்ட ஜமாக் கலவைகளைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு இந்தச் சிக்கல் முற்றிலும் ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. கலவையின் சூத்திரம் சரியாக இருந்தாலும், உருக்கும் பாத்திரத்தில் என்ன விழுகிறது என்பதை ஒவ்வொரு நாளும் யாராவது கவனித்தாக வேண்டும். பழைய உலோகக் கழிவைச் சேர்த்து உருக்கியதும், ஈயம் கலந்த பற்றாசு ஒட்டியிருந்த துண்டுகள் உள்ளே போனதும் போதுமான காரணங்கள். போருக்கு முந்தைய லயனல், மெர்க்லின், ஹார்ன்பி ஆகிய நிறுவனங்களின் மாதிரி வண்டிகளின் சக்கரங்களில் இதைப் பார்த்துப் பழகிய சேகரிப்பாளர்கள், 1990களுக்குப் பிறகு வந்த மாதிரிகளிலும் அதே வெடிப்புகளைக் கண்டபோது வியந்தார்கள். இருபது ஆண்டுகூட ஆகாத பெட்டி நொறுங்குவதும், எண்பது ஆண்டு கடந்த பெட்டி கல்லுப்போல் இருப்பதும் ஒரே அலமாரியில் நடக்கக்கூடியவை.

ஆகவே வயதை வைத்து உலோகத்தை எடைபோடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பல பத்தாண்டுகளைக் கடந்தும் நேராக நிற்கும் போருக்கு முந்தைய வார்ப்பு, பெரும்பாலும் நல்ல உலோகத்தில் வார்க்கப்பட்டது என்பதைத் தானே நிரூபித்துவிட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளே ஆன வார்ப்பு இன்னும் அந்தச் சோதனையைக் கடக்கவில்லை. தயாரிப்பாளரின் பெயரும் முழுப் பாதுகாப்பு அல்ல. ஒரே மாதிரியின் ஒரு தொகுதி நலமாகவும் அடுத்த தொகுதி நோயுற்றும் வந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். தோற்றத்திலும் அட்டைப்பெட்டியிலும் எந்த வேறுபாடும் இல்லாத, ஒரே தொடரைச் சேர்ந்த இரு பெட்டிகளைச் சேர்த்து வாங்கியபோது, ஒன்று தண்டவாளத்தில் நேராக அமர்ந்தது. மற்றொன்றின் கூரைக் கோடு நடுவில் மேலெழுந்து, இரு முனைகளும் தாழ்ந்திருந்தன. இரண்டையும் திறந்து பார்த்ததில், முதலாவதின் உள்ளே எடைக்காக வைத்த வார்ப்புப் பட்டை மழமழப்பாகவும், இரண்டாவதின் பட்டை காய்ந்து வெடித்த களிமண் தரையைப் போல நுண்ணிய பிளவுகளோடும் கிடந்தது.

பயணிகள் பெட்டியில் வார்ப்பு உலோகம் எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது வாங்குபவருக்கு மிகவும் உதவும். இஞ்சினில் அடிச்சட்டம் முழுவதுமே பெரிய வார்ப்பாக இருக்கும். அது வளைந்தால் மோட்டாரும் பல்சக்கரங்களும் இடம் மாறிவிடுவதால் இஞ்சினே பயனற்றுப் போகலாம். பெட்டியில் நிலைமை சற்று இலகு. பிளாஸ்டிக் பெட்டிகளில் இருக்கைத் தளத்துக்கும் அடித்தளத்துக்கும் இடையே எடைக்காக ஒரு நீண்ட பட்டையை வைத்திருப்பார்கள். அது எஃகுத் தகடாகவும் இருக்கலாம், துத்தநாக வார்ப்பாகவும் இருக்கலாம். சில தொடர்களில் அடிச்சட்டம் முழுவதையும் வார்ப்பாகவே செய்து, மின்கலப் பெட்டி, காற்றுக்கலன் போன்ற வடிவங்களையும் அதிலேயே வார்த்திருப்பார்கள். பெட்டியின் இரு முனைகளிலும் திரும்பும் சக்கரச் சட்டகங்கள், அவற்றை உடலோடு பிணைக்கும் சுழல்தளம், இணைப்புக் கொக்கியைத் தாங்கும் பகுதி, மோதலைத் தாங்கும் முனைக் குமிழ்களான பஃபர்களைப் பிடிக்கும் பலகை, ஏறும் படிகள் ஆகியவற்றிலும் வார்ப்பு வரலாம். தகரப் பெட்டிகளில் உடல் தகரம்தான், ஆனால் சக்கரங்களும் சில அலங்காரப் பகுதிகளும் வார்ப்பு.

இவற்றுள் மிக அதிகமாக ஏமாற்றுவது அந்த எடைப்பட்டைதான், ஏனென்றால் அது வெளியே தெரிவதே இல்லை. அது நீளவாட்டில் பருக்கும்போது என்ன நேர்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 200 மில்லிமீட்டர் நீளமுள்ள பட்டை நூற்றில் ஒரு பங்கு வளர்ந்தால் 2 மில்லிமீட்டர் கூடுகிறது. கேட்பதற்கு இது ஒன்றுமில்லாததாகத் தோன்றும். ஆனால் இரு முனைகளும் சற்றும் நகர முடியாதபடி பிடிக்கப்பட்டிருந்தால், அந்த 2 மில்லிமீட்டரை விழுங்குவதற்காகப் பட்டையின் நடுப்பகுதி ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் வளைந்தாக வேண்டும். உண்மையில் பிளாஸ்டிக் உடல் சற்று விட்டுக்கொடுப்பதாலும், முனைகளில் இடைவெளி இருப்பதாலும் அவ்வளவு தூரம் போவதில்லை. எனினும், மிகச் சிறிய வளர்ச்சிகூடக் கண்ணால் காணத்தக்க வளைவாக மாறிவிடுகிறது என்பதால், பெட்டியின் நேர்த்தன்மையே எனக்கு முதல் சோதனை. வெடிப்பைத் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நேரில் பார்க்கும்போது பெட்டியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முனையிலிருந்து முனைக்குப் பார்வையைச் செலுத்துகிறேன். ஜன்னல்களுக்குக் கீழே ஓடும் வண்ணப் பட்டையைப் போல நல்ல நேர்க்கோடு வேறு கிடையாது; அது வளைந்திருந்தால் உடல் வளைந்திருக்கிறது. பிறகு ஓர் எஃகு அளவுகோலை அடிப்பக்கத்தில் வைத்து வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பார்க்கிறேன். கூரைக்கும் உடலுக்கும் இடைப்பட்ட கோடு முழு நீளத்துக்கும் ஒரே அளவாக இருக்கிறதா, முனைச் சுவர்கள் வெளிப்புறம் சாய்ந்திருக்கின்றனவா, அடித்தளம் உடலுக்குள் சரியாகப் பொருந்தாமல் ஓரிடத்தில் பிதுங்குகிறதா என்பவை அடுத்த கேள்விகள். ஜன்னல் வழியே இருக்கைகளைப் பார்ப்பதும் நல்ல பயிற்சி: இருக்கைத் தளம் பட்டையின் மேல் அமர்ந்திருப்பதால், பட்டை வளைந்தால் நடுப்பகுதி இருக்கைகளின் தலை, முனைப் பகுதி இருக்கைகளைவிட உயரமாகத் தெரியும். ஜன்னல் மூலைகளில் மயிரிழை போன்ற பிளவு காணப்பட்டால், உள்ளிருந்து எதுவோ உடலைத் தள்ளுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். பிளாஸ்டிக் முதலில் விரிசல் விடுவது அங்கேதான்.

சக்கரச் சட்டகத்தைச் சோதிப்பதற்கு விரலே போதும். அதை இரு பக்கமும் மெல்லத் திருப்பினால் தடையின்றித் திரும்ப வேண்டும். சுழல்தளம் பருத்திருந்தால் இறுக்கமாக இருக்கும், அல்லது ஒரு பக்கம் மட்டும் திரும்பும். சக்கரங்களை ஊதினாலே சுழலும் நிலைதான் சரியானது. சட்டகம் நெளிந்து இருசின் முனைகளைக் கவ்வத் தொடங்கியிருந்தால் சக்கரம் இரண்டு சுற்றுகூடச் சுற்றாது. சட்டகத்தின் மூலைகளையும், மிக மெல்லியதாக வார்க்கப்பட்ட படிகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். மெல்லிய பகுதிகள் முதலில் நெளியும், தடித்த பகுதிகள் முதலில் வெடிக்கும் என்று நான் மனத்தில் வைத்திருக்கிறேன். எல்லா நேரத்திலும் இது பொருந்துவதில்லை, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பதைவிட இது மேல்.

போருக்கு முந்தைய தகரப் பெட்டிகளில் சக்கரத்தின் விளிம்பு முதல் சாட்சி. ஒரு சக்கரம் மட்டும் பருத்து விட்டமே கூடியிருப்பதும், விளிம்பில் துண்டு பெயர்ந்திருப்பதும், மையத்திலிருந்து கதிர்போல் வெடிப்புகள் ஓடுவதும் அவற்றில் சாதாரணம். பெட்டி ஒரு மூலையில் மட்டும் உயர்ந்து நின்றால், விற்பவர் 'சட்டம் கொஞ்சம் கோணல்' என்று சொன்னாலும் நான் சக்கரங்களைத்தான் அளக்கிறேன். வெர்னியர் காலிபரால் எல்லாச் சக்கரங்களின் விட்டத்தையும் வரிசையாக அளந்தால் ஒன்று தனித்துத் தெரிந்துவிடும்.

வெடிப்பு என்று எண்ணி நல்ல பெட்டியை ஒதுக்கிவிடும் ஆபத்தும் உண்டு. வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு எஞ்சியிருக்கும். அது நேராகவும் சீராகவும் ஓடும். உருகிய உலோகத்தின் இரு ஓட்டங்கள் சந்தித்து உறைந்த இடத்தில் அலை போன்ற தடம் தெரியலாம். அது வார்த்த நாளிலிருந்து மாறாமல் இருப்பது. நோயின் வெடிப்பு கிளை பிரியும், ஓரத்தில் மேடு தட்டும், அதன் மேலுள்ள வண்ணத்தையும் பிளக்கும். வண்ணம் மட்டும் தனியே வெடித்திருந்தால் கீழே உலோகம் நலமாக இருக்கலாம். அதேபோல், ஈரமான இடத்தில் வைத்த துத்தநாகத்தின் மேல் வெண்மையான மாவு படிவதுண்டு. துடைத்தால் அது போய்விடும், அளவும் வடிவமும் மாறியிருக்காது. அதை நான் அழுக்காகத்தான் கருதுகிறேன். ஆனால் துடைத்த பிறகு தோலுரிந்ததுபோல் சாம்பல் நிறச் சொரசொரப்பு வெளிப்பட்டால், அல்லது பழுப்பு ஒட்டாத புதிய முறிவு ஒன்று தென்பட்டால், அந்தப் பெட்டியை மேசையில் திரும்ப வைத்துவிடுவேன்.

சிறிய காந்தம் ஒன்றை எப்போதும் உடன் வைத்திருப்பது நல்லது. துத்தநாகக் கலவை காந்தத்தில் ஒட்டாது, எஃகு ஒட்டும். அடித்தளத்தின் நடுவே காந்தத்தை நகர்த்தும்போது இழுவிசை தெரிந்தால் எடைப்பட்டை எஃகு. அதிகபட்சம் துருப்பிடித்திருக்கும், துருவைத் தேய்த்து வண்ணம் பூசிவிடலாம். இழுவிசை இல்லை, ஆனால் பெட்டி கனமாக இருக்கிறது என்றால் உள்ளே துத்தநாகமோ ஈயமோ இருக்கிறது, எனவே மற்றச் சோதனைகளை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். இந்த ஒரு சோதனை பல நேரங்களில் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் சங்கடத்தைத் தவிர்த்திருக்கிறது.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முந்தைய உரிமையாளர் பெட்டி தடம் புரளாமல் இருக்க வேண்டும் என்று, ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையால் உள்ளே ஒட்டியிருப்பார். அந்தப் பசையிலிருந்தும் சில மர வகைகளிலிருந்தும் வெளிப்படும் அசிட்டிக் அமில ஆவி, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து ஈயத்தை வெள்ளை மாவாக மாற்றிவிடுகிறது. வெள்ளை வண்ணம் தயாரிக்க முற்காலத்தில் ஈயத் தகடுகளைப் புளிக்காடியின் ஆவியில் வைத்து இதே வினையைத்தான் வேண்டுமென்றே நடத்தினார்கள். அந்த மாவும் பெருக்கமடைந்து உடலைப் பிளக்கும். அத்துடன் அது நஞ்சு. பெட்டியை அசைக்கும்போது உள்ளிருந்து வெண்தூள் உதிர்ந்தால், அதை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து, கைகளைக் கழுவிவிட்டு, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். துத்தநாக நோயில் உதிரும் தூளிலும் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தொலைவிலிருந்து வாங்கும்போது இத்தனையையும் படங்களைக் கொண்டுதான் செய்ய வேண்டியிருக்கிறது. நான் கேட்கும் படங்கள் இவை: பக்கவாட்டில், கேமரா பெட்டியின் மட்டத்துக்கே இறக்கி எடுத்த ஒன்று, அடிப்பக்கத்தை நேர் மேலிருந்து எடுத்த ஒன்று, இரு முனைகள், ஒரு சக்கரச் சட்டகத்தை மிக அருகில் எடுத்த ஒன்று. முடிந்தால் பெட்டியை நேரான தண்டவாளத்தின் மேல் நிறுத்தச் சொல்கிறேன், ஏனென்றால் தண்டவாளமே அளவுகோலாகிவிடும். அகலக் கோணத்தில் அருகிலிருந்து எடுத்த படம் நேரான பெட்டியையும் வளைத்துக் காட்டும் என்பதால், சற்றுத் தள்ளி நின்று எடுக்கும்படி கேட்டுக்கொள்வது இரு தரப்புக்கும் நியாயம். நீளத்தைக் கேட்பதும் பயன் தரும், ஆனால் ஒரு நுணுக்கத்தை மறந்துவிடக் கூடாது. 26.4 மீட்டர் நீளமுள்ள ஐரோப்பியப் பெட்டியின் எச்.ஓ. மாதிரி சரியான விகிதத்தில் 303 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆனால் குறுகிய வளைவுகளில் ஓடுவதற்காக நீளத்தை மட்டும் சுருக்கி 282 மில்லிமீட்டரிலும் 264 மில்லிமீட்டரிலும் செய்த தொடர்கள் பல உண்டு. எனவே ஒப்பிட வேண்டியது அசல் வண்டியின் நீளத்தோடு அல்ல, அதே தொடரின் இன்னொரு பெட்டியோடுதான்.

'அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்ததே இல்லை, ஒருமுறைகூட ஓட்டியதில்லை' என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அது சக்கரத் தேய்மானத்தைப் பற்றிய செய்தி மட்டுமே. இந்த அரிப்புக்கு ஓட்டமே தேவையில்லை. வெயிலில் கொதிக்கும் மேற்கூரை அறையிலோ, ஈரம் கசியும் நிலவறையிலோ பூட்டி வைத்த தொடாத பெட்டி, தினமும் ஓடிய பெட்டியைவிட மோசமான நிலையில் இருக்கலாம். ஆகவே எங்கே வைத்திருந்தார் என்று கேட்பது, எவ்வளவு ஓட்டினார் என்று கேட்பதைவிடப் பயனுள்ள கேள்வி. பெரும்பாலான விற்பனையாளர்கள் எதையும் மறைப்பதில்லை. உறவினர் ஒருவரின் சேகரிப்பை அவர் காலமான பின் விற்கிறவருக்கு எடைப்பட்டை என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. குறிப்பான கேள்விகளைக் கேட்டால் அவர்களே ஆர்வத்தோடு பார்த்துச் சொல்கிறார்கள். பொதுவாக 'நிலைமை எப்படி' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்ற பதில்தான் வரும்.

சோதனையில் நோய் தெரிந்துவிட்டால் உடனே விலகிவிட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். பெட்டிகளைப் பொறுத்தவரை எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எந்தப் பகுதி கெட்டிருக்கிறது, அது மாற்றத்தக்கதா, அது வேறெதைக் கெடுத்திருக்கிறது என்ற மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். சக்கரம் கெட்டிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை, எச்.ஓ. அளவுக்குப் புதிய சக்கரங்கள் எளிதில் கிடைக்கின்றன, பரவலாக விற்ற பழைய தகரப் பெட்டிகளுக்கும் மாற்றுச் சக்கரங்கள் செய்பவர்கள் இருக்கிறார்கள். இருசின் நீளத்தையும் முனை வடிவத்தையும் அளந்துகொண்டால் போதும். எடைப்பட்டை கெட்டிருந்து, உடல் இன்னும் விரிசல் விடாமலிருந்தால், அது என் கண்ணுக்கு மலிவாகக் கிடைக்கும் நல்ல பெட்டி. சக்கரச் சட்டகம் கெட்டிருந்தால், அதே தொடரின் உதிரிச் சட்டகமோ முப்பரிமாண அச்சில் செய்த மாற்றோ கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே வாங்குகிறேன். அடிச்சட்டம் முழுவதும் வார்ப்பாக இருந்து அது வளைந்திருந்தால், அரிய பெட்டியாக இருந்தாலொழியத் தொடுவதில்லை. உடலே வார்ப்பாக இருந்து வெடித்திருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

பேரம் பேசும்போது நான் பின்பற்றும் கணக்கு எளிமையானது. நோயுற்ற பகுதி ஏற்கெனவே காணாமல் போய்விட்டதாக எண்ணிக்கொள்கிறேன். சட்டகம் இல்லாத பெட்டிக்கு என்ன கொடுப்பேனோ அதுவே சட்டகம் வெடித்த பெட்டிக்கும் விலை. 'இப்போதைக்கு ஓடுகிறதே' என்பதற்குத் தனியாக எதுவும் கூட்டுவதில்லை. விற்பவருக்கு இது கடுமையாகத் தோன்றலாம், ஆனால் காரணத்தைப் படத்தோடு விளக்கினால் அவர்களில் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

எடைப்பட்டையை மாற்றுவது நான் அதிகம் செய்த வேலை. கூரையையோ உடலையோ பிரிக்கும்போது வளைந்த பட்டை பிளாஸ்டிக்கை அழுத்திக்கொண்டிருப்பதால், கவ்விகளை ஒரே முனையிலிருந்து நெம்பாமல் இரு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். பட்டையை முழுதாக வெளியே எடுக்க முயலவே வேண்டாம். அது தானே முறியும், முறிந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தால் பெட்டிக்குச் சேதம் குறைவு. உள்ளே ஒட்டிய தூள் முழுவதையும் ஈரத் தூரிகையால் நீக்கிவிட்டு உலர விடுகிறேன். அழுத்தம் நீங்கியதும் உடல் சற்று நிமிர்கிறது, முழுவதும் நிமிர்வதில்லை. நீண்ட காலம் வளைந்திருந்த பிளாஸ்டிக் அந்த வளைவைப் பழகிக்கொண்டுவிடும். புதிய எஃகுப் பட்டையின் மேல் அடித்தளத்தைத் திருகாணிகளால் பிணைத்து அப்படியே விட்டுவைத்தால், எஞ்சிய வளைவையும் பெருமளவு அடக்கிவிடலாம். வெந்நீரோ சூடான காற்றோ காட்டி நிமிர்த்துவதை நான் ஆதரிப்பதில்லை. ஜன்னல் சட்டங்கள் உருகுவதற்கும் அடித்தளம் நிமிர்வதற்கும் இடையே உள்ள வெப்ப இடைவெளி மிகக் குறுகலானது.

புதிய எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது: எச்.ஓ. அளவில் தொடக்கத்துக்கு ஓர் அவுன்ஸ், அதன் மேல் பெட்டியின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். அந்தக் கணக்கில் 300 மில்லிமீட்டர் பெட்டி ஏறக்குறைய 195 கிராம் இருக்க வேண்டும். ஐரோப்பியப் பெட்டிகள் பலவும் இதைவிட இலேசாகவே தயாரிக்கப்படுகின்றன, அவை நன்றாக ஓடவும் செய்கின்றன. எனவே ஒரே தொடரில் உள்ள பெட்டிகள் எல்லாம் ஒரே எடையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்; கனமான பெட்டிகளுக்கு இடையே இலேசான ஒன்று மாட்டிக்கொண்டால் வளைவில் அதுதான் முதலில் தடம் புரளும். எஃகின் அடர்த்தி துத்தநாகக் கலவையைவிடக் கூடுதல் என்பதால், பழைய பட்டையைவிட மெல்லியதே போதும். 200 மில்லிமீட்டர் நீளம், 20 மில்லிமீட்டர் அகலம், 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுப் பட்டை ஏறக்குறைய 47 கிராம் இருக்கும். துருப்பிடிக்காமல் இருக்க வண்ணம் பூசி, இரு முனைகளிலும் சற்று இடைவெளி விட்டு, இருபுறமும் ஒட்டும் நாடாவால் பொருத்துகிறேன்.

நோயை நிறுத்த முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. வெளியே வார்னிஷோ சயனோஅக்ரிலேட் என்னும் உடனே ஒட்டும் பசையோ பூசினால், உதிரும் பகுதிகள் கொஞ்ச காலம் சேர்ந்திருக்கும், ஈரம் உள்ளே புகுவதும் சற்றுக் குறையும். ஆனால் மாசு உலோகத்துக்குள்ளேயே இருப்பதால் அது குணமாவதில்லை. அரிய பெட்டி ஒன்றில் இன்னும் முழு வடிவத்தோடு இருக்கும் பகுதியைக் கண்டால், அதைக் காப்பாற்ற முயல்வதைவிட, உடனே அளவெடுத்துப் படமெடுத்து, ரப்பர் அச்சில் நகலெடுத்து வைப்பதே நேரத்தின் நல்ல பயன்பாடு. பருத்துவிட்ட பகுதியிலிருந்து நகலெடுத்தால் நகலும் பருமனாகவே இருக்கும் என்பதால், அதே தொடரின் நலமான பகுதி கிடைத்தால் அதிலிருந்து எடுப்பது நல்லது.

ஒரு பெட்டியிலிருந்து பக்கத்துப் பெட்டிக்கு இது பரவும் என்று அஞ்சி, நோயுற்றவற்றைத் தனி அறையில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பரவுவதில்லை. ஒரே அலமாரியில் பல பெட்டிகள் கெட்டால், அவை ஒரே தொகுதியில் வார்க்கப்பட்டவை என்பதும், அந்த அலமாரி ஈரமானது என்பதும்தான் காரணமாக இருக்கும். வெப்பமும் ஈரமும் அதிகம் ஏறி இறங்காத, மனிதர் வசிக்கும் அறையே பெட்டிகளுக்கும் நல்ல இடம். பழைய அட்டைப்பெட்டிகளில் வரும் நுரைப் பஞ்சை நான் எடுத்துவிடுகிறேன். காலப்போக்கில் அது பிசுபிசுத்து வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

மற்ற உலோகக் குறைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் எடுக்கும் செம்புத் தகடுகளில் ஏறும் பச்சைக் களிம்பு கண்ணாடி இழைத் தூரிகையால் போய்விடும். விளக்கு எரிவதற்காகப் பெட்டிக்குள் பொத்தான் மின்கலம் வைக்கும் வகையானால், அதன் அறையைத் திறந்து கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்த காரம் தொடுதகட்டை மட்டுமல்லாது கம்பிகளையும் நெடுந்தூரம் தின்றிருக்கும். எஃகு இருசுகளில் மேலோட்டமான துரு பொருட்டல்ல, கூர்முனைகளில் துரு இருந்தால் மட்டும் மாற்றிவிடுவது நல்லது.

பெட்டி கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பஃபர் முனையிலிருந்து பஃபர் முனைக்கு உள்ள நீளம், நடுவில் அளவுகோலுக்கும் அடித்தளத்துக்கும் இடைப்பட்ட இடைவெளி, ஒவ்வொரு சக்கரத்தின் விட்டம், மொத்த எடை ஆகியவற்றை ஒரு சீட்டில் தேதியோடு எழுதி அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். திருப்பி அனுப்பும் கால அவகாசம் இருக்கிறதென்றால் அதற்குள் பெட்டியைத் திறந்து எடைப்பட்டையையும் பார்த்துவிட வேண்டும். கட்டித் தரும் முறையும் இங்கே முக்கியம்: நோயுற்ற சட்டகம் தபாலில் ஓர் இடி பட்டாலே உடைந்துவிடும், அப்போது அது ஏற்கெனவே கெட்டிருந்ததா, வழியில் உடைந்ததா என்ற வாக்குவாதம் எழும். முறிவின் உட்புறத்தைப் பார்த்தால் விடை தெரியும். நல்ல வார்ப்பு உடைந்தால் முறிவு பளபளப்பாக, ஒரே நிறத்தில் இருக்கும். நோயுற்றதன் முறிவு மங்கிய சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக, விரலால் தேய்த்தால் உதிரும். அந்த முறிவைப் படமெடுத்து அனுப்பினால் பேச்சு பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை அதே அளவுகளை மீண்டும் எடுத்துப் பழைய சீட்டோடு ஒப்பிடுகிறேன்; நீளம் மாறத் தொடங்கிய பெட்டியின் பட்டையை, உடல் விரிசல் விடும்வரை காத்திராமல் அப்போதே எடுத்துவிடுகிறேன்.